ஏழடி இருட்டு

முப்பத்துநான்கு வருஷம் ஊருக்கு வெளிச்சம் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு இருட்டு கொடுக்கிறேன். வெளிச்சம் கொடுத்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. கரண்ட் போனால் மட்டும் என் பரம்பரையையே திட்டினார்கள். இப்போது விளக்கை அணைத்தால் கைதட்டுகிறார்கள். உலகம் எப்படி நடக்கிறது பாருங்கள்.

மின்சார இலாகாவில் லைன்மேனாக இருந்தவன் நான். கடைசிக் கம்பத்திலிருந்து இறங்கிய மறுவாரமே எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்து நாடகக் குழுவில் லைட்டுக்காரனாகச் சேர்ந்துவிட்டேன். சங்கத்து மாடிதான் எங்கள் அரங்கம். நாற்பது நாற்காலிகள், அதில் முப்பத்தாறை நம்பி உட்காரலாம். மேடையின் இடது பக்கம் ஒரு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் என் ராஜ்யம். அதற்குள் நுழைய நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், வெளியே வர இரண்டு பேர் இழுக்க வேண்டும்.

நான் சேர்ந்தபோது அங்கே ஒரு பழைய டிம்மர் இருந்தது. விளக்கை மெல்ல மங்க வைக்கிற கருவி. சின்ன யானைக்குட்டியின் கனம், அதன் தும்பிக்கை மாதிரி ஒரு கைப்பிடி. கைப்பிடியைக் கீழே இறக்கினால் வெளிச்சம் உடனே போகாது. மூட்டுவலிக்காரர் மாடிப்படி இறங்குவது போல, ஒவ்வொரு படியாக, முனகிக்கொண்டே இறங்கும். நான் காட்சி முடிந்ததும் கைப்பிடியை இறக்கிவிட்டு, கீழே போய் டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் மேடையில் இன்னும் சாயங்காலமாகவே இருக்கும்.

இந்த வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. யானைக்குட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சாமான் அறையில் போட்டேன். இரண்டு மாதம் உட்கார்ந்து என் கையாலேயே ஒரு புதுப் பெட்டி செய்தேன். ஒரே ஒரு பொத்தான். விரல் வைத்தால் போதும், வெளிச்சம் ‘போய்ட்டு வரேன்’ என்றுகூடச் சொல்லாமல் போய்விடும். அப்புறம் வருவதுதான் இருட்டு. அந்த இருட்டில் கரிக்கட்டையை வைத்தால் வெள்ளையாகத் தெரியும். சங்கத்துப் பூனை ஒருதரம் ஒத்திகை பார்க்க வந்து சுவரில் முட்டிக்கொண்டது. அன்றிலிருந்து யாராவது துணைக்கு வந்தால்தான் அது மாடியேறுகிறது.

நடிக்கிறவர்கள் தடம் பார்த்து நடப்பதற்காகப் பக்கத் திரைக்குப் பின்னால் கடுகு அளவில் ஒரு நீல பல்பு மட்டும் வைத்திருந்தேன். அதுவும் டீச்சரின் கட்டளை. டீச்சர் என்றால் எங்கள் இயக்குநர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வு பெற்ற செய்தி அவர் குரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்த வருஷ நாடகத்தில் ஒரு நீதிபதி. முதல் காட்சியில் அவர் தன் வீட்டில், மேடையின் இடது ஓரம், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இருட்டு. பன்னிரண்டு விநாடி. வெளிச்சம் வரும்போது அவர் வலது ஓரத்தில், இரண்டு படி ஏறி, நீதிமன்ற நாற்காலியில் இருக்க வேண்டும். நடுவில் குற்றவாளிக் கூண்டு. சாய்வு நாற்காலியிலிருந்து படிவரைக்கும் ஏழு அடி நடை. அவ்வளவுதான் கதை. அந்த ஏழு அடியில்தான் எல்லாமே தடுக்கியது.

நீதிபதியாக நடித்தவர் என் மச்சான். என் வீட்டுக்காரியின் கூடப்பிறந்த அண்ணன். முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் ‘பதினான்காம் எண் புறப்படத் தயார்’ என்று மைக்கில் சொன்னால், பயந்துபோய்ப் பன்னிரண்டாம் எண்ணும் கூடவே புறப்பட்டுவிடும். அப்படிப்பட்ட குரல். மூன்று வருஷத்துக்கு முன் என் தங்கை முறை, அதாவது அவர் மனைவி, காலமானாள். அத்தோடு அந்தக் குரலும் படுத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. அதில் இரண்டு ‘வேண்டாம்’, இரண்டு ‘பரவாயில்லை’. டீச்சர்தான் அவரை இழுத்துவந்து கையில் வசனத்தாளைக் கொடுத்தார். போன வருஷமும் இதே நாடகம்தான். அந்த நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துதான் என் மச்சான் மறுபடி பேச ஆரம்பித்தார். அந்த நாற்காலி போனால் குரலும் போய்விடும். இன்னொரு தடவை திரும்பி வராது. அது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரிக்கும் தெரியும், பூனைக்கும் தெரியும்.

ஜனங்கள் மறுபடி கேட்டதால் இந்த வருஷமும் அதே நாடகம். குடும்பத்தாரைக் கூட்டி ஒரு முன்னோட்டம் வைத்தோம். முதல் காட்சி முடிந்தது. நான் பொத்தானில் விரல் வைத்தேன். என் இருட்டு விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் “அடேயப்பா” என்றது என் காதில் தேனாகப் பாய்ந்தது. பன்னிரண்டு எண்ணினேன். வெளிச்சம் போட்டேன்.

நீதிபதி குற்றவாளிக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

குற்றவாளி, அதாவது எங்கள் பல்லு டாக்டர், தன் இடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கூண்டுக்கு வெளியே வரிசையில் நிற்பவர் மாதிரி நின்றார். என் மச்சான் முகத்தில் ஒரு விநாடி ரத்தம் இல்லை. கண்களைச் சுருக்கிக்கொண்டு விளக்குகளைப் பார்த்தார், கண்ணில் நீர் தளும்பியது. பிறகு முப்பது வருஷ மைக் அவரைக் காப்பாற்றியது. கூண்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூண்டுக்குள்ளிருந்தே, “இந்த நீதிமன்றம் கூடிவிட்டது” என்று முழங்கினார்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. நீதிபதியே குற்றவாளி என்று நாடகம் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்தே நின்றார். ‘கண்ணுல தண்ணி வரவழைச்சாரு பாருங்க, அதுதான் நடிப்பு’ என்று பேசிக்கொண்டே படியிறங்கினார்கள்.

டீச்சர் கைதட்டவில்லை.

“என்னப்பா இது?” என்றார், எல்லோரும் போனதும்.

“கால் பழக்கத்துல அங்க போயிருச்சு டீச்சர்” என்றார் மச்சான்.

“கூண்டு பழக்கமா உங்களுக்கு?” என்றார் பல்லு டாக்டர். “எனக்கு இருக்கறதே மூணு வசனம். அதையும் கியூவுல நின்னு பேச வேண்டியதாப் போச்சு. முப்பது வருஷம் ஊரையே வாயைத் திற வாயைத் திறன்னேன். இப்ப என் வாயைத் திறக்க ஒரு கூண்டு கிடைக்கலை.”

மச்சான் சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை. நான் என் இருட்டின் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஒத்திகையில் அவர் நாற்காலியைச் சரியாகக் கண்டுபிடித்தார். ஆனால் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கறுப்புத் திரைக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார். அதற்கடுத்த ஒத்திகையில் இரண்டாம் படி தப்பி முழங்கால் அடிபட்டது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் என் பீரோச் சந்தில் தலையை நீட்டினார். என்னை அவர் லைட்டு என்றுதான் கூப்பிடுவார்.

“லைட்டு, உங்க மச்சானுக்கு ஞாபகம் நழுவுது. எனக்கும் மனசு கேக்கலை. ஆனா நாளைக்கு ஜனங்க முன்னாடி விழுந்து வச்சார்னா, அப்புறம் அவர் முகத்தை நாம எப்படிப் பாக்கறது? இந்த சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சரியா வரலைன்னா டாக்டரை நீதிபதியா போட்டுடறேன்.”

“டாக்டரா? அவர் தீர்ப்பு சொன்னா ஜனங்க கன்னத்தைப் பிடிச்சுப்பாங்க டீச்சர்.”

“நான் விளையாடலை” என்றார் அவர். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் விளையாட்டு விட்டுப்போனது.

மறுநாள் மத்தியானம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, வெயிலைப் பற்றி, தபால்காரரைப் பற்றி, செருப்பு விலையைப் பற்றி எல்லாம் பேசிக்கொண்டிருந்தார். எப்போதுமே அப்படித்தான், வெளியிலிருந்து வந்தால் வாசலில் அரைமணி நேரம் மாநாடு நடத்தாமல் உள்ளே வரமாட்டார். பேச்சு ஆசை என்று நாங்கள் கேலி செய்வோம். ஒருவழியாக உள்ளே வந்து சமையலறையில் தன் தங்கையோடு உட்கார்ந்தார். நான் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். கல்யாண நாளிலிருந்து இந்த வீட்டில் நடந்த முக்கியமான பேச்சையெல்லாம் நான் தூங்கிக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன்.

“அப்பாவுக்கு வந்தது எனக்கு வந்திருச்சும்மா” என்றார் மச்சான்.

பாத்திரச் சத்தம் நின்றது.

“என்னண்ணே உளர்றே?”

“உளறலை. அப்பாவுக்குச் சாயங்காலம் ஆனா புத்தி மங்கிடுமே, ஞாபகம் இருக்கா? வாசப்படியில நின்னுக்கிட்டு உள்ள வரமாட்டார். எதிர்ல நான் நிப்பேன், யாருன்னு கேப்பார். சுவரைத் தடவிக்கிட்டே நடப்பார். அதே மாதிரிதான். விளக்கு அணைஞ்சா எனக்கு இடம் எதுன்னு தெரியலை. பத்து மாசமா ஒத்திகை பாத்த மேடை. கை கால் எல்லாம் தொலைஞ்சு போன மாதிரி இருக்கு. டீச்சர் வேற ஆள் பாக்கறாங்க போல. பாக்கட்டும். அதுதான் நல்லது.”

“வசனம் மறந்துச்சாண்ணே?”

“இல்ல.”

“ஒரு வரியாவது?”

“ஒரு எழுத்துகூட மறக்கலை.”

செய்தித்தாளுக்குப் பின்னால் எனக்குத் தூக்கம் கலைந்தது. அதாவது, பாவனை கலைந்தது. நாற்பது பக்க வசனத்தை நடையோடு ஞாபகம் வைத்திருக்கிற மூளை, நாற்காலி எங்கே என்பதை மட்டும் ஏன் மறக்கும்? அதுவும் போன வருஷம் இதே நாற்காலி, இதே ஏழடி, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் மேடையில் என்ன மாறியது?

மாறியது என் பொத்தான் ஒன்றுதான்.

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்கு மச்சானைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனேன். யாரும் இல்லை. சாமான் அறையிலிருந்து யானைக்குட்டியைத் திரும்பத் தூக்கி வந்தேன். என் முதுகெலும்பில் பதினாறு கணுக்கள் தனித்தனியாக ராஜினாமா கொடுத்தன. கதவு ஜன்னல் எல்லாம் மூடித் திரை போட்டேன்.

“சாய்வு நாற்காலியில உக்காருங்க மச்சான்.”

“எதுக்கு மாப்ள? விடுங்க. நான் டீச்சர்கிட்ட சொல்லிக்கறேன்.”

“ஒரு தடவை. என் முதுகுக்காக.”

உட்கார்ந்தார். முதலில் என் புதுப் பொத்தான். சட்டென்று இருட்டு. காலடிச் சத்தம் இரண்டு, மூன்று. அப்புறம் நின்றது. கை காற்றில் துழாவுகிற சட்டைச் சரசரப்பு. விளக்கைப் போட்டேன். நடு மேடையில், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, என் மச்சான் தண்ணீரில் இறங்குகிறவரைப் போல நின்றிருந்தார். அந்தத் தோற்றத்தை நான் சிரிப்பாகச் சொல்ல முடியாது. முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

பிறகு பழைய டிம்மர். கைப்பிடியை ஒவ்வொரு படியாக, அது முனகுகிற வேகத்திலேயே இறக்கினேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் அந்த நீல பல்பு ஒன்றுதான் மிச்சம். “இப்ப நடங்க” என்றேன். ஏழடி. கூண்டைச் சுற்றினார். ஒரு படி, இரண்டு படி. உட்கார்ந்தார். முகம் என் பக்கம்.

மறுபடி பொத்தான்: கூண்டில் இடித்துக்கொண்டார். மறுபடி டிம்மர்: நாற்காலி. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அப்படியே.

“என்ன மாப்ள இது, மாயமா?”

“மச்சான், உங்க புத்திக்கும் என் பொத்தானுக்கும் என்ன சம்பந்தம்? நான் மெதுவா அணைச்சா திரும்பி வர்றது, சட்டுனு அணைச்சா ஓடிப்போறது, அது என்ன புத்தியா, பூனையா? இது மண்டையில இல்ல. கண்ணுல.”

“கண்ணா? போன வருஷம்தானே கண்ணாடிக் கடையில பாத்தேன். கடைசி வரி வரைக்கும் படிச்சேனே. அதுக்குக் கீழ பொடி எழுத்துல அச்சகத்தோட பேர் இருந்துச்சு, அதையும் சேத்துப் படிச்சேன். அவனே ஆடிப்போயிட்டான்.”

“வெயில்லேர்ந்து வீட்டுக்குள்ள வந்தா?”

“கும்மிருட்டா இருக்கும். பழகற வரைக்கும் வாசல்ல நின்னு ஏதாவது பேசிக்கிட்டிருப்பேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்” என்றார்.

அந்த வாசல் மாநாடுகள் அத்தனையும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. செருப்பு விலை, தபால்காரர். எத்தனை கேலி.

கண் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர். கண்ணில் சொட்டு விட்டு, அழுத்தம் பார்த்து, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்தார். பாதிப் பூசணிக்காயைக் குடைந்து கவிழ்த்த மாதிரி ஒரு வெள்ளைக் கிண்ணம். அதற்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே சின்னச் சின்னதாக வெளிச்சம் மின்னும். மின்னும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

நான் டெக்னீஷியன் பெண்ணின் பக்கத்தில் நின்றேன். அவள் திரையில், எந்த இடத்தில் வெளிச்சம் வருகிறது என்பது தெரிந்தது. மச்சானுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு புள்ளி மின்னியது, அழுத்தினார். இன்னொன்று, அழுத்தினார். அப்புறம் மேல்பக்கம் ஒன்று மின்னியது. கை அசையவில்லை. இன்னொன்று. அசையவில்லை. ஓரத்தில் ஒன்று, ஒன்று, இன்னும் ஒன்று. முப்பத்துநான்கு வருஷம் விளக்கோடு வாழ்ந்தவன் நான். விளக்கு வந்துகொண்டேயிருக்கிறது, மனிதர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அதுவரை பார்த்ததில்லை.

கிண்ணத்துக்குள்ளிருந்து மச்சானின் குரல் வந்தது. “என்னம்மா, மெஷின் தூங்கிடுச்சா? ஒண்ணும் வரலையே.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். “வருதுங்க ஐயா. நீங்க நடுப்புள்ளியையே பாருங்க” என்றாள், மெதுவாக.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். “இதுக்கு கிளாக்கோமான்னு பேர். கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி, பின்னாடி மூளைக்குப் போற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிருக்கு. வலிக்காது. நடுப்பார்வை ரொம்ப நாளைக்கு நல்லாவே இருக்கும், எழுத்தெல்லாம் படிச்சுடுவீங்க. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வராது. ஓரம்தான் முதல்ல போகும். வெளிச்சத்துலேர்ந்து இருட்டுக்குப் போனா கண்ணு பழகறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கும். அதே மாதிரி திடீர்னு வெளிச்சம் வந்தாலும் கூசிப்போகும், தண்ணி கொட்டும்.”

அந்தக் கண்ணீருக்குத்தான் எங்கள் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டியிருந்தார்கள்.

“போன பார்வை?” என்றேன்.

“போனது போனதுதாங்க. திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். தினம் சொட்டு மருந்து விடணும், ஒருநாள்கூடத் தவறக்கூடாது. தொடர்ந்து வந்து காட்டணும்.”

மச்சான் முன்னால் குனிந்தார். “அப்ப எனக்குப் புத்தி மங்கலையா?”

“புத்திக்கு நான் டாக்டர் இல்லீங்க. ஆனா நீங்க சொன்ன அத்தனைக்கும் உங்க கண்ணே காரணம் சொல்லுது.”

கண்ணில் நோய் என்று கேட்டு ஒரு மனிதன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து டாக்டருக்கு, டெக்னீஷியனுக்கு, சுவரில் மாட்டியிருந்த பெரிய கண் படத்துக்கு எல்லாம் கும்பிடு போட்டார். அப்படியே பாதியில் நின்றுவிட்டார்.

“அப்பாவும் தெளிவாத்தான் இருந்திருக்கார் மாப்ள” என்றார். “யாருன்னு கேப்பார். நாங்க பதிலே சொல்றதில்லை. மறந்துட்டார்னு எங்களுக்குள்ள பேசிப்போம். அவர் எதிர்லயே.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர், “இது குடும்பத்துல தொடர்ந்து வர்ற நோய். உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரியைக் கூட்டிப்போவதற்கு எட்டு மாடுகளும் ஒரு வண்டியும் தேவைப்பட்டன. “எனக்கு என்ன கேடு? ஊசியில நூல் கோக்கறேன், அரிசியில கல் பொறுக்கறேன், நீங்க தூங்கறாப்ல நடிக்கறதை இங்கிருந்தே கண்டுபிடிக்கறேன்” என்றாள். கடைசியில் சொன்னது எனக்குப் புதிய தகவல்.

“உங்கண்ணனும் அச்சகத்துப் பேர் வரைக்கும் படிச்சவர்தான்” என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கும் அழுத்தம் கூடியிருந்தது. ஆனால் நரம்பு இன்னும் தப்பித்திருந்தது. கிண்ணத்துக்குள் ஒரு புள்ளியையும் விடாமல் அழுத்தினாள். “நல்ல நேரத்துல வந்தீங்க” என்றார் டாக்டர். அன்று முதல் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் தலையை அண்ணாந்து உட்கார்ந்துகொள்வார்கள். சொட்டு விடுகிற வேலை என்னுடையது. கம்பத்து உச்சியில் காற்றில் ஆடிக்கொண்டே மயிரிழைக் கம்பியை முடிந்த கை. ஒரு சொட்டு தவறினால் கேளுங்கள். முதல் நாள் மூக்கில் விழுந்ததைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

சனிக்கிழமை வந்தது. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

“ஞாபகம்னு சொல்லிட்டேனே லைட்டு.”

“நான் மட்டும் என்ன டீச்சர், வாசல்ல நின்னு அறுக்கறார்னு சொன்னேன்.”

“சரி. இப்ப என்ன செய்யலாம்?”

“பழைய டிம்மரை வச்சு மெதுவா இறக்கறேன். ஒரு நிமிஷம் ஆகும்.”

“போன வருஷம் மாதிரி மறுபடி ஒரு நிமிஷமா? அது வரைக்கும் ஜனங்க என்ன பண்ணுவாங்க? இருமுவாங்க. ஒருத்தர் இருமினா நாப்பது பேரும் இருமுவாங்க.”

பல்லு டாக்டர் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே சொன்னார்: “இருமட்டும் டீச்சர். வாயாவது திறப்பாங்க. நான் பாத்துக்கறேன்.” பிறகு மச்சான் பக்கம் திரும்பி, “நீதிபதி ஐயா, உங்க நாற்காலி எனக்கு வேண்டாம். அவ்வளவு வசனம் யாரால பேச முடியும்? ஆனா என் கூண்டுக்கு மட்டும் வராதீங்க” என்றார்.

ஆக, நான் இரண்டு மாதம் தவமிருந்து செய்த புதுப்பெட்டி சாமான் அறைக்குப் போனது. கரிக்கட்டையை வெள்ளையாகக் காட்டிய என் இருட்டு போனது. வருத்தமாக இருந்ததா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். துளியும் இல்லை என்றேன். செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நாடகத்தன்று நாற்பது நாற்காலியும் நிறைந்தன. நம்பமுடியாத அந்த நாலிலும் தைரியசாலிகள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் என் வீட்டுக்காரி. முதல் காட்சி முடிந்தது. நான் தும்பிக்கையைப் பிடித்து, மேலிருந்து முதல் படியை இறக்கினேன்.

அதற்கு முன் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மேடையேறும் முன் மச்சான் என் பீரோச் சந்துக்கு வந்திருந்தார். நீதிபதியின் மரச் சுத்தியல் கையில்.

“மாப்ள, நான் நாற்காலியில உக்காந்துட்டா இதால ஒரு தட்டுத் தட்டறேன்.”

“எதுக்கு?”

“தட்டினப்புறம் உங்க இருட்டைக் கொஞ்சம் போட்டுக்கோங்க. முழுசா. நீல பல்பையும் அணைச்சுருங்க. உக்காந்துட்டா எனக்கென்ன பயம்? இல்லேன்னா உங்களுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. நெஜத் தூக்கத்தைச் சொல்றேன்.”

இப்போது படி படியாக இறக்கினேன். வெளிச்சம் மத்தியானத்திலிருந்து சாயங்காலமானது. சாய்வு நாற்காலியில் மச்சான் அசையாமல் உட்கார்ந்து, கண்ணைப் பழக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் இருமினார். பக்கத் திரையில் டீச்சர் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. இன்னொருவர் இரும ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்; ஏனென்றால் அந்த மங்கலில் மச்சான் எழுந்துவிட்டார். ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டிலிருந்த மனிதர் ஒவ்வொரு அடியாக நீதிமன்றத்துக்கு நடந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் நின்றார். என் கை கைப்பிடியில் உறைந்தது. கீழே இறக்கவில்லை. மேலே ஏற்றவும் இல்லை. எதிரே கூண்டு. அதற்குள் பல்லு டாக்டர், இருக்கிற இடம் தெரியட்டும் என்று, மெல்ல ஒரு தரம் செருமினார். வசனத்தாளில் இல்லாத செருமல். அவர் வாழ்நாளில் நடித்ததிலேயே அதுதான் உன்னதம்.

மச்சான் கூண்டைச் சுற்றினார். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. முதல் படி. இரண்டாம் படியைக் காலால் தேடவில்லை. கண்ணால் பார்த்து ஏறினார். அங்கியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். முகம் ஜனங்கள் பக்கம்.

டக்.

நான் மிச்சமிருந்த படிகளையும் நீல பல்பையும் மெயின் சுவிட்சில் ஒருசேர அணைத்தேன். என் இருட்டு விழுந்தது. முன்வரிசையில் யாரோ “அடேயப்பா” என்றார்கள். குரல் எனக்குத் தெரிந்த குரல். என் வீட்டுக்காரி இந்த நாற்பது வருஷத்தில் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. மூன்று விநாடி ஆசைதீர அனுபவித்தேன்.

பிறகு கண் கூசாதபடி, ஒவ்வொரு படியாக, கைப்பிடியை மேலே தூக்கினேன்.

“இந்த நீதிமன்றம் கூடிவிட்டது” என்றார் என் மச்சான். தெருவில் எந்தப் பேருந்தாவது நின்றிருந்தால் நிச்சயம் புறப்பட்டுப் போயிருக்கும்.